வீட்டு ஃப்ளைட் சிமுலேட்டரில் பறக்கும் உணர்வு கூட வேண்டும்: எதை முதலில் சேர்ப்பது?

கெடிலக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024, எக்ஸ்-பிளேன் 12 ஆகிய இரண்டும் என்னிடம் உள்ளன. கணினி போதிய வலுவுடையதுதான். 32 ஜிபி ரேம், 27 அங்குல மானிட்டர் ஒன்று, முறுக்கினால் ரட்டர் (வாலில் உள்ள திசைத்திருப்பி) திரும்பும் வகை ஜாய்ஸ்டிக் ஒன்று, இவ்வளவுதான் என் காக்பிட். பெரும்பாலும் செஸ்னா 172-இல் புதுச்சேரியிலிருந்து கிளம்பி, கடற்கரையை ஒட்டியே பறந்து, பிச்சாவரம் வரை போய்த் திரும்புவது வழக்கம். இண்டிகோ 2024 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து ஏடிஆர் 72 என்ற இரட்டைப் புரொப்பெல்லர் பயணிகள் விமானங்களை இயக்கத் தொடங்கியதிலிருந்து எனக்கும் அந்த விமானத்தின் மேல் ஆசை வந்து, அதையும் கற்று வருகிறேன்.

என் குறை இதுதான். படம் மிக அழகாக இருக்கிறது. ஆனால் விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கிறோம் என்ற எண்ணம் நிலைப்பதே இல்லை. இறங்குவதற்காகச் சுற்றி வரும்போது இடப்பக்கம் ஓடுதளம் எங்கே இருக்கிறது என்று பார்க்க, ஜாய்ஸ்டிக்கின் உச்சியில் உள்ள சிறு பொத்தானைத் தள்ளித் தள்ளிக் காட்சியைத் திருப்ப வேண்டியிருக்கிறது. ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்பு) இறக்க இருட்டில் கீபோர்டைத் தடவுகிறேன். ரேடியோ அலைவரிசையை மாற்றுவதற்கு மவுஸால் ஒரு குமிழைப் பிடித்துத் திருப்பி முடிப்பதற்குள் விமானம் நூறு அடி இறங்கிவிடுகிறது.

யோக் (ஸ்டீயரிங் போன்ற கைப்பிடி), ரட்டர் பெடல், தலையில் மாட்டும் விஆர் (மெய்நிகர்க் காட்சி) கண்ணாடி, தலையசைவைப் பின்தொடரும் கருவி, நாற்காலியை அதிரவைக்கும் ஷேக்கர் என்று இணையத்தில் பார்க்கும் ஒவ்வொன்றும் இன்றியமையாதது என்றே ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்க என்னால் இயலாது. இறக்குமதிப் பொருள்களுக்குச் சுங்க வரியும் அனுப்பும் கூலியும் சேர்ந்தால் விலை எங்கோ போய்விடுகிறது. மேலும் நான் இருப்பது வாடகை வீட்டின் மாடிப் பகுதி. கீழே வீட்டு உரிமையாளரின் குடும்பம் இருக்கிறது. சுவரில் துளையிடவோ, இரவில் சத்தம் எழுப்பவோ முடியாது.

இந்த நிலையில் எதை முதலில் சேர்ப்பது, எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

லாசுப்பேட்டை 07 எழுதியது:

வணக்கம். நீங்கள் இறங்க முயலும் அந்த ஓடுதளத்தின் சத்தம் கேட்கும் தொலைவில்தான் என் வீடு. அதனால் சற்று உரிமையோடு எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன மூன்று இடைஞ்சல்களையும் மறுபடி படித்துப் பாருங்கள். தலையைத் திருப்ப வேண்டிய இடத்தில் கட்டைவிரலை அசைக்கிறீர்கள்; நெம்புகோலை இறக்க வேண்டிய இடத்தில் எழுத்து விசையைத் தட்டுகிறீர்கள்; குமிழைத் திருக வேண்டிய இடத்தில் மவுஸை உருட்டுகிறீர்கள். விமானி செய்யும் செயலுக்கும் உங்கள் உடம்பு செய்யும் செயலுக்கும் இடைவெளி விழும்போதெல்லாம் மனம் வானத்தை விட்டு மேசைக்கு வந்துவிடுகிறது. ஆகவே எந்தப் பொருளின் விளம்பரத்தைப் பார்த்தாலும், இந்த இடைவெளிகளில் எதை இது அடைக்கப்போகிறது என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். விடை கிடைக்காத பொருள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் காத்திருக்கட்டும்.

ஆனால் அதற்கும் முன்னால் காசு செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. 27 அங்குல மானிட்டரின் அகலம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். அதைக் கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தொலைவில் வைத்திருந்தால், அந்தத் திரை உங்கள் பார்வையில் சுமார் 53 பாகைக் கோணத்தைத்தான் அடைக்கும். சிமுலேட்டர் அதே திரைக்குள் 80, 90 பாகைக் காட்சியைத் திணித்துக் காட்டினால் எல்லாப் பொருள்களும் சிறுத்துப்போகும். ஓடுதளம் தொலைவில் இருப்பதாகத் தோன்றும். தரை எவ்வளவு நெருங்கிவிட்டது என்பதைக் கண் சரியாகக் கணிக்காது. எக்ஸ்-பிளேனில் கிராஃபிக்ஸ் அமைப்புகளில் பக்கவாட்டுப் பார்வைக் கோணத்தைப் பாகையிலேயே கொடுக்கலாம். மைக்ரோசாஃப்டில் கேமரா பகுதியில் உள்ள ஜூம் அளவை மாற்ற வேண்டும். 53 பாகை வரை குறைத்தால் அளவுமானிகள் திரைக்கு வெளியே போய்விடும் என்பதால், 60-க்கும் 65-க்கும் இடையில் ஒரு சமரசம் செய்துகொண்டு மானிட்டரை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துவையுங்கள். அடிவானக் கோடு உங்கள் கண்மட்டத்தில் வரும்படி திரையின் உயரத்தையும் சரிசெய்யுங்கள். இதைச் செய்த அன்றே இறக்கங்களில் வேறுபாடு தெரியும்.

அடுத்தது தலையசைவைப் பின்தொடரும் கருவி. என் கருத்தில் காசு கொடுத்து வாங்கும் பொருள்களில் முதலிடம் இதற்குத்தான். டிராக்ஐஆர் என்பது தொப்பியில் அல்லது ஹெட்செட்டில் மாட்டும் மூன்று புள்ளிகளை அகச்சிவப்புக் கேமராவால் பார்த்து, தலையின் ஆறு வகை அசைவுகளையும் சிமுலேட்டருக்குச் சொல்லும் கருவி. அதையே வாங்க வேண்டும் என்பதில்லை. ஓப்பன்டிராக் என்ற இலவச மென்பொருள் சாதாரண வெப்கேமராவைக் கொண்டே முகத்தை அடையாளம் கண்டு இதே வேலையைச் செய்யும். வெப்கேமரா வினாடிக்கு 30 படங்கள்தான் எடுக்கும், டிராக்ஐஆர் 120 எடுக்கும் என்பதால் அசைவில் சிறு பின்தங்கல் இருக்கும்; இருந்தாலும் இந்த முறை உங்களுக்கு ஒத்துவருமா என்று செலவில்லாமல் சோதித்துப் பார்த்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: அகச்சிவப்புக் கருவிகளுக்கு வெயில் ஆகாது. மேற்குப் பார்த்த ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால், மாலையில் காட்சி வெறிபிடித்ததுபோல் துள்ளும். தடித்த திரைச்சீலை ஒன்று போட்டுவிடுங்கள்.

தலை சற்றுத் திரும்பினாலே காட்சி முழுப் பக்கத்துக்கும் திரும்பும்படி, தலை எவ்வளவு திரும்பினால் காட்சி எவ்வளவு திரும்ப வேண்டும் என்று மென்பொருளில் சொல்லும் வளைகோட்டை அமைக்க வேண்டும் என்பது தொடக்கத்தில் விந்தையாக இருக்கும். நடுப்பகுதியில் வளைகோட்டைத் தட்டையாக வையுங்கள். இல்லாவிட்டால் மூச்சு விட்டால்கூடக் காக்பிட் ஆடும். கண் திரையிலேயே இருக்க, தலை மட்டும் லேசாகத் திரும்பப் பழகிவிட்டால், புதுச்சேரியின் 07 ஓடுதளத்துக்கு இடச்சுற்றில் (இடப்பக்கமாகவே திரும்பிச் சுற்றி) வரும்போது இடப்புறம் ஓடுதளத்தையும் வலப்புறம் ஆரோவில்லின் மாத்ரிமந்திரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வருவது இயல்பாகிவிடும்.

மூன்றாவது ரட்டர் பெடல்கள். நம் ஊர் ஓடுதளம் ஏறத்தாழ 1500 மீட்டர் நீளமே கொண்டது. ஏடிஆர் 72 தன் உச்ச எடையில் மேலெழ 1300 மீட்டருக்கும் மேல் கேட்கும் விமானம். இவ்வளவு குறுகிய இடத்தில் பக்கக்காற்றோடு இறங்கும்போது, மணிக்கட்டை முறுக்கி ரட்டரைத் திருப்பிக்கொண்டே அதே கையால் இறக்கையையும் சாய்த்துவைப்பது மிகக் கடினம். கால் தனியாக, கை தனியாக வேலை செய்யத் தொடங்கியதும்தான் விமானம் ஓட்டுவது உடம்பு முழுவதும் ஈடுபடும் வேலை என்பது புரியும். பெடலின் நுனியை அழுத்தி இடது வலது பிரேக்கைத் தனித்தனியே பிடிக்கும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பெடல் வாங்குகிறவர்களில் பலர் மறந்துவிடுவது நாற்காலியை. டைல்ஸ் தரையில் பெடலை மிதித்தால் பெடல் முன்னால் ஓடும். சக்கர நாற்காலி பின்னால் ஓடும். இரண்டையும் ஒரே பலகையின் மேல் நிறுத்திவிட்டால் சுவரில் துளையிடாமலே வேலை முடிந்துவிடும்.

யோக்கை நான் கடைசியில் வைக்கிறேன். செஸ்னாவிலும் ஏடிஆரிலும் யோக்தான் இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் உங்கள் ஜாய்ஸ்டிக் அந்த வேலையை ஓரளவு செய்துகொண்டிருக்கிறது. தலையசைவுக் கருவியும் பெடலும் செய்யும் வேலையை இப்போது எதுவும் சரியாகச் செய்யவில்லை. வாங்கும்போது, மொத்தம் 90 பாகை மட்டும் திரும்பும் யோக்கைவிட, ஹனிகூம் ஆல்ஃபா போல 180 பாகை திரும்பும் யோக் மெல்லிய திருத்தங்களுக்கு ஏற்றது.

விஆர் வில்லியனூர் எழுதியது:

மேலே எழுதிய நண்பரோடு ஓரளவு முரண்படுகிறேன். தலையைப் பத்துப் பாகை திருப்பினால் காட்சி தொண்ணூறு பாகை திரும்புவது ஒரு தந்திரம்தானே தவிர இயல்பு அல்ல. விஆர் கண்ணாடியில் தலை எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவே காட்சியும் திரும்பும். அதைவிட முக்கியமானது ஆழம் தெரிவது. தரை எழுந்து வருவதை இரண்டு கண்ணாலும் பார்க்கிறீர்கள். எப்போது மூக்கைத் தூக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்வைக் கோணக் கணக்கும் தேவையில்லை.

இருந்தாலும் உண்மையை மறைக்கக் கூடாது. மெட்டா குவெஸ்ட் 3-இல் ஒரு கண்ணுக்கு 2064 × 2208 புள்ளிகள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்தால் ஒரு 4கே திரையைவிடக் கூடுதல். உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு எது என்று நீங்கள் எழுதவில்லை. நடுத்தரக் கார்டில் காட்சி தடுக்கும். தடுக்கும் காட்சி சிலருக்குக் குமட்டலைத் தரும். சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத அறையில் அதை முகத்தில் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பறப்பது எளிதல்ல. வியர்வையில் லென்ஸ் மங்கிவிடும். முகத்துக்கு நேரே ஒரு சிறு மின்விசிறி வைத்துக்கொண்டால் தாங்கலாம். அது செஸ்னாவின் காற்றுத் துளை என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். விஆரில் இருக்கும்போது மேசை மேல் நீங்கள் அடுக்கிவைத்த சுவிட்சுகள் கண்ணுக்குத் தெரியாது. விஆர் வழியில் போகிறவர் யோக், திராட்டில் (என்ஜின் விசை நெம்புகோல்), பெடல் என்று தடவினாலே தெரியும் சிலவற்றோடு நின்றுவிட வேண்டும். பானல் பானலாக (சுவிட்சுப் பலகைகளாக) சேர்க்க விரும்புகிறவர் திரையோடு இருக்க வேண்டும். இரண்டு வழியிலும் பாதி பாதி செலவழிப்பதால் பயனில்லை.

உப்புக்காற்று எழுதியது:

கடலூர்க்காரர் என்பதால் ஒரு சொந்தப் பிரச்சினையைப் பற்றி எழுதுகிறேன். சென்னைக்கு மேற்கே இருப்பவர்களுக்கு இது புரியாது.

நம் பக்கத்துக் காற்றில் உள்ள ஈரமும் உப்பும் கருவிகளைத் தின்னும். விலை குறைந்த ஜாய்ஸ்டிக், பெடல்களில் அசைவை அளப்பது பொட்டென்ஷியோமீட்டர். அதில் ஒரு தொடுமுனை கரிப்பூச்சின் மேல் உரசிக்கொண்டே நகரும். அங்கே தூசியும் உப்பும் படிந்தால், நீங்கள் அசைக்காமலே விமானத்தின் மூக்கு துள்ளும். விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து ஜாய் டாட் சிபிஎல் என்று கொடுத்தால் வரும் சோதனைக் கட்டத்தில், கையை எடுத்த பிறகும் அந்தச் சிறு குறி நடுங்கிக்கொண்டிருந்தால் நோய் அதுதான். எண்ணெய்ப் பசை விடாத எலக்ட்ரானிக் காண்டாக்ட் கிளீனரை உள்ளே பீய்ச்சி, அச்சை முழுவதும் பலமுறை அசைத்துவிட்டால் பெரும்பாலும் தெளியும். புதிதாக வாங்கும்போது ஹால் சென்சார் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். அது காந்தப் புலத்தை அளப்பது. உரசும் பாகம் இல்லை. அதனால் தேய்வதும் இல்லை. திரஸ்ட்மாஸ்டரின் டி.16000எம் ஜாய்ஸ்டிக்கில் அந்த முறை இருக்கிறது. எதை வாங்கினாலும் பயன்படுத்தாத நேரத்தில் ஒரு பருத்தித் துணியால் மூடிவையுங்கள்.

இப்போது உங்கள் ஃப்ளாப், ரேடியோ குமிழ் பற்றி. இவற்றுக்காகக் கடையில் பானல் வாங்குவது வீண் என்பது என் திடமான கருத்து. ஆர்டுயினோ மெகா 2560 என்ற சிறு மின்னணுப் பலகை ஒன்று, சுழலும் என்கோடர் (திருகும் குமிழின் அசைவை உணரும் பாகம்) இரண்டு, டாகிள் சுவிட்சுகள் சில, மோபிஃப்ளைட் என்ற இலவச மென்பொருள், இவை போதும். மெகா பலகையில் 54 டிஜிட்டல் முனைகள் இருப்பதால் செஸ்னாவின் பெரும்பாலான சுவிட்சுகளை ஒரே பலகையில் முடித்துவிடலாம். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. எந்த முனையில் எந்தச் சுவிட்ச், அது சிமுலேட்டரில் எதை இயக்க வேண்டும் என்று பட்டியலில் தேர்ந்தெடுத்தால் போதும். உதிரிப் பொருள்களைச் சென்னை ரிச்சி தெருவில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்வரும் நண்பர் யாரிடமாவது பட்டியல் கொடுத்தனுப்பினாலும் ஆகும்.

கைப்பிடிகளின் வடிவத்தில் கவனம் செலுத்துங்கள். இரண்டாம் உலகப் போரின்போது பி-17 குண்டுவீச்சு விமானங்களில், இறங்கி முடித்த விமானிகள் ஃப்ளாப்பை ஏற்றுவதாக நினைத்துச் சக்கரங்களை மடக்கிவிடும் விபத்துகள் நேர்ந்தன. இரண்டு கட்டுப்பாடுகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்ததுதான் காரணம் என்று அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் கண்டு, சக்கரத்துக்கான கைப்பிடியில் சிறு ரப்பர் சக்கரத்தையும், ஃப்ளாப் கைப்பிடியில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் செய்தார். இன்றும் பயணிகள் விமானங்களில் சக்கர நெம்புகோலின் முனை வட்டமாகவும் ஃப்ளாப் நெம்புகோலின் முனை தட்டையாகவும் இருப்பது அந்த வழி வந்ததே. வீட்டில் செய்யும்போதும் அப்படியே செய்யுங்கள். பழைய பொம்மைக் காரின் சக்கரம் ஒன்று போதும். கண் ஓடுதளத்தில் இருக்க, கை தானாகச் சரியான நெம்புகோலைக் கண்டுபிடிக்கும். செஸ்னா ஃப்ளாப்புக்கு 0, 10, 20, 30 என்ற நான்கு நிலைகளிலும் கைப்பிடி தடுக்கி நிற்கும்படி மரத்தில் வெட்டுக் கொடுத்தால், எத்தனை பாகை இறக்கினீர்கள் என்று திரையைப் பார்க்கவே தேவையிருக்காது.

இன்னொன்று. யுஎஸ்பி கருவிகள் கூடக் கூட, பறக்கும் நடுவில் ஒன்று திடீரென்று செத்துப்போகும். விண்டோஸ் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக யுஎஸ்பி முனைகளை உறங்கவைக்கும் அமைப்பை நிறுத்திவிட்டு, தனி மின்னிணைப்பு உள்ள ஹப் ஒன்றை வாங்கிவிடுங்கள்.

கெடிலக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பார்வைக் கோணத்தை நேற்று இரவே மாற்றிவிட்டேன். லாசுப்பேட்டை நண்பர் சொன்னது முழுக்க உண்மை. ஓடுதளம் இப்போது ஓடுதளத்தின் அளவில் இருக்கிறது. என்னிடம் உள்ளது நடுத்தரக் கிராஃபிக்ஸ் கார்டுதான் என்பதால் விஆர் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு ஐயங்கள் மிச்சம். நாற்காலியை அதிரவைக்கும் ஷேக்கர் மாடி வீட்டுக்கு ஏற்றதா? அடுத்து, காற்றில் தனியாகப் பறக்கிறோம் என்ற உணர்வு வந்துகொண்டே இருக்கிறது. சிமுலேட்டரோடு வரும் கட்டுப்பாட்டாளர் குரல் இயந்திரம் போல ஒலிக்கிறது. அதற்கு என்ன வழி?

நடுவீடு எழுதியது:

ஷேக்கர் பற்றி மட்டும் சொல்கிறேன். சத்தத்தால் வரும் தொல்லை குறைவு. தரை வழியாகப் போகும் அதிர்வுதான் தொல்லை. கான்கிரீட் தளம் 30, 40 ஹெர்ட்ஸ் அதிர்வை அப்படியே கீழ்வீட்டுக் கூரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நாற்காலியின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டு, ஷேக்கரைச் சட்டத்தில் மாட்டாமல் இருக்கைப் பலகையின் அடியிலேயே மாட்டினால், குறைந்த விசையிலேயே உடம்புக்குத் தெரியும். பழைய ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபையர் இருந்தால் போதும். ஷேக்கரின் ஓம் அளவு அதற்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒலியை அப்படியே ஷேக்கருக்கு அனுப்பினால் என்ஜின் இரைச்சலில் எல்லாம் கரைந்து ஓயாத நடுக்கமாகிவிடும். சிம்ஹாப்டிக் போன்ற மென்பொருள்கள் சிமுலேட்டரின் தரவை நேரடியாகப் படித்து, சக்கரம் தரையில் உருள்வது, ஃப்ளாப் நகர்வது, விமானம் தரையைத் தொடுவது என்று தனித்தனியாக அதிர்வு கொடுக்கும். அதிலும் இறக்கைகள் தூக்குவிசையை இழக்கும் முன் வரும் நடுக்கம் ஒன்றுக்காகவே இதை வாங்கலாம். அளவு பெருங்காயம் போல இருக்கட்டும்: சேர்த்திருப்பது தெரிய வேண்டும், மேலெழுந்து நிற்கக் கூடாது. இரவு பத்துக்கு மேல் அணைத்துவிடுங்கள்.

மீனம்பாக்கம் அப்ரோச் எழுதியது:

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு விடை வேட்சிம். 2001-இல் தொடங்கிய இணைய வலையமைப்பு, பதிவு இலவசம். அங்கே கட்டுப்பாட்டாளராக அமர்பவரும் மனிதர். பக்கத்தில் பறப்பவரும் மனிதர். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கு விபைலட், எக்ஸ்-பிளேனுக்கு எக்ஸ்பைலட் என்ற இலவச மென்பொருளை நிறுவி இணைந்தால் போதும். 2019-இல் வந்த புதிய ஒலி முறையில், உண்மையான ரேடியோ போலவே தொலைவும் உயரமும் பொறுத்துக் குரல் தேய்ந்து போகும். இத்தனை கருவிகளிலும் இந்த ஒன்றைப் போல நெஞ்சைப் படபடக்க வைப்பது வேறில்லை என்பது என் எண்ணம். ஹெட்செட் ஒன்றுதான் செலவு.

எல்லா நேரமும் எல்லா இடத்திலும் கட்டுப்பாட்டாளர் இருக்கமாட்டார். யாரும் இல்லாத வான்பகுதியில் 122.800 அலைவரிசையில் உங்கள் நிலையை நீங்களே அறிவித்துக்கொண்டு பறக்க வேண்டும். புதுச்சேரியிலிருந்து தொடங்க அதுவே நல்ல பயிற்சி. நேரே பேசத் தயக்கமாக இருந்தால், முதலில் பார்வையாளராக இணைந்து மற்றவர்கள் பேசுவதைக் கேளுங்கள். பேச்சில் வேகம் தேவையில்லை. யாரை அழைக்கிறோம், நாம் யார், எங்கே இருக்கிறோம், என்ன வேண்டும் என்ற வரிசை மாறாமல் இருந்தால் போதும். கொடுத்த அனுமதியைத் திருப்பிச் சொல்வதில் மட்டும் கவனம் பிசகக் கூடாது. ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு படிப்பது குறையே அல்ல. உண்மையான விமானிகளும் முழங்கால் மேல் தாள் வைத்துக்கொண்டுதான் அனுமதியைக் குறித்துக்கொள்கிறார்கள். இணைந்த நிலையில் கணினியை விட்டு எழுந்து போய்விடக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. மின்தடையில் இணைப்பு அறுந்துபோகாமல் இருக்க, யுபிஎஸ்ஸில் கணினியோடு ரவுட்டரையும் சேர்த்து மாட்டுங்கள்.

ஏடிஆரில் பெங்களூரு போவதாக இருந்தால் சிம்பிரீஃப் என்ற இணையதளத்தில் பயணத் திட்டம் தயாரியுங்கள். வழி, எரிபொருள், எடை எல்லாம் விமான நிறுவனத் தாள் போலவே வந்துவிடும். இலவசக் கணக்கில் வழித்தடத் தரவு பழையதாக இருக்கும், அவ்வளவுதான். உண்மையில் அந்தத் தரவு 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. நேவிகிராஃப் என்ற நிறுவனத்துக்குச் சந்தா கட்டினால் அந்தச் சுழற்சியிலேயே கிடைக்கும். தொடக்கத்தில் அது தேவையில்லை. இந்திய விமான நிலைய ஆணையம் தன் வான்வழித் தகவல் வெளியீட்டை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. சென்னைக்கான வரைபடங்களை அங்கிருந்தே எடுத்துப் பழைய டேப்லெட் ஒன்றில் போட்டு மேசையின் இடப்பக்கம் நிறுத்திவையுங்கள்.

பெண்ணையாற்று முகத்துவாரம் எழுதியது:

யாரும் நிலக்காட்சியைப் பற்றி எழுதவில்லை. உங்கள் வழித்தடம் முழுவதும் கடற்கரை என்பதால் அது முக்கியம்.

எக்ஸ்-பிளேனில் இயல்பாக வரும் தரை பொதுவான வண்ணப்பூச்சுதான். ஆர்த்தோ4எக்ஸ்பி என்ற இலவச மென்பொருளால் செயற்கைக்கோள் படங்களைத் தரையாகப் போர்த்தலாம். அது உலகை ஒரு பாகை அகலம், ஒரு பாகை நீளம் கொண்ட கட்டங்களாகப் பிரித்து வேலை செய்கிறது. நமக்கு வாய்ப்பாக, புதுச்சேரி, கடலூர், நெய்வேலி, சிதம்பரம், பிச்சாவரம், வீராணம் எல்லாமே வடக்கு 11, கிழக்கு 79 என்ற ஒரே கட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. அந்த ஒன்றை மட்டும் உருவாக்கினால் உங்கள் வழக்கமான பயணம் முழுவதும் அடங்கிவிடும். மரக்காணமும் கழுவேலி ஏரியும் வேண்டுமானால்தான் மேலே உள்ள 12-ஆம் கட்டம். படத்தின் நுணுக்க அளவை 17 என்று வைத்தால் ஒரு புள்ளி ஏறத்தாழ 1.2 மீட்டர், ஒரு படி கூட்டினால் கோப்பின் அளவு நான்கு மடங்காகும் என்பதால் 17-க்கு மேல் கட்டம் முழுவதற்கும் போக வேண்டாம்.

இதைச் செய்த பின் தெற்கே போய்ப் பாருங்கள். அரியாங்குப்பத்து ஆறு கடலில் சேரும் இடம், தென்பெண்ணையின் மணல்திட்டு, கெடிலம், பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு, பிறகு பிச்சாவரத்தின் அடர்பச்சைக் கால்வாய்கள் என்று ஒவ்வோர் ஆற்று முகமாக எண்ணிக்கொண்டே ஜிபிஎஸ் இல்லாமல் வழி கண்டுபிடிக்கலாம். திரும்பும்போது உள்நாட்டுப் பக்கம் ஒதுங்கினால் நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கம் வெகுதொலைவிலிருந்தே அடையாளம் காட்டும். தெரிந்த ஊரை மேலிருந்து பெயர் சொல்லி அடையாளம் காண்பது, எந்தக் கருவியும் தராத ஈடுபாட்டைத் தரும்.

மைக்ரோசாஃப்ட் 2024-இல் படங்கள் இணையம் வழியாக வந்துகொண்டே இருக்கும். 50 எம்பிபிஎஸ் வேகம் பரிந்துரைக்கப்படுகிறது. மாலையில் வீட்டில் வேறு யாராவது படம் பார்த்துக்கொண்டிருந்தால் தரை குழம்பிக் காட்சியளிக்கும். நேரடி வானிலையை இயக்கி வைத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு நிலை உருவாகும் நாள்களில் பறந்தால், ஜன்னலுக்கு வெளியே கேட்கும் மழையும் திரையில் தெரியும் மேகமும் ஒன்றாகவே இருக்கும். புதுச்சேரியின் பழைய கலங்கரை விளக்கம் போன்ற தனிக் கட்டடங்கள் தாமாக வந்துவிடாது. யாராவது மாதிரி செய்து சேர்த்தால்தான் உண்டு. பிளெண்டர் (முப்பரிமாண மாதிரி செய்யும் மென்பொருள்) தெரிந்தவர்கள் இந்த இழையைப் படித்தால் கைகொடுக்கலாம்.

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. என் வரிசையை இப்படி வைத்துக்கொள்கிறேன்: வெப்கேமராவில் ஓப்பன்டிராக்கும், 11-79 கட்டமும் இந்த வாரம்; பெடலும் பலகையும் அடுத்த மாதம்; ஆர்டுயினோவில் ஃப்ளாப் கைப்பிடியும் ரேடியோ குமிழும் அதற்குப் பின். ஷேக்கரை வீட்டு உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத்தான். வேட்சிமில் பார்வையாளராகச் சேர்ந்துவிட்டேன். அந்தப் பலகையை எந்த அளவில், எந்த மரத்தில் செய்வது என்று லாசுப்பேட்டை நண்பர் சொன்னால் தச்சரிடம் கொடுத்துவிடுவேன்.

லாசுப்பேட்டை 07 எழுதியது:

18 மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட் எடுங்கள். சாதாரண பிளை நம் ஈரக்காற்றில் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். அகலம் இரண்டடி, நீளம் நான்கரை அடி. நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அவற்றின் இடத்தில் நிலையான குமிழ்க் கால்களைப் போட்டுக்கொள்ளலாம். கழற்ற மனமில்லை என்றால் சக்கரங்கள் உட்காரும் இடத்தில் வட்டக் குழி வெட்டச் சொல்லுங்கள். பெடலை உடனே திருகிவிடாதீர்கள். முதலில் தரையில் வைத்து உட்கார்ந்து, இடது காலை முழுவதும் நீட்டி மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும் தொலைவைப் பென்சிலால் குறித்துக்கொண்ட பிறகு திருகுங்கள். பலகையின் அடியில் ரப்பர் விரிப்பு ஒட்டிவிட்டால் டைல்ஸில் வழுக்காது. பின்னாளில் ஷேக்கர் மாட்டினால் கீழ்வீட்டுக்கும் அதுவே காப்பு.